மையை விழுங்கிய செல்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

கையில் டாட்டூ குத்திக்கொண்ட படத்தை அனுப்பிவிட்டு, கூடவே "மை ஏன் அழியாமல் அங்கேயே நிற்கிறது?" என்று ஒரு கேள்வியையும் போட்டிருக்கிறாய். கேள்வி கேட்டால் அம்மா திட்ட மறந்துவிடுவாள் என்ற கணக்கு எனக்குப் புரியாமல் இல்லை. சரி, பதிலையே சொல்கிறேன்.

தோலுக்குள் இறங்கிய மைத்துகள்களை உன் மேக்ரோஃபேஜ் செல்கள், அதாவது உடலுக்குள் வரும் அந்நியப் பொருளை விழுங்கும் நோய் எதிர்ப்புச் செல்கள், விழுங்கிவிட்டன. விழுங்கினாலும் செரிக்க முடியவில்லை. கிருமியைக் கரைக்கும் நொதிகள் நிறமியிடம் பலிப்பதில்லை. அந்தச் செல் செத்தால் மை வெளியே வரும், உடனே புதிதாக வரும் இன்னொரு மேக்ரோஃபேஜ் அதை எடுத்துக்கொள்ளும். 2018இல் எலிகளை வைத்து இதைக் காட்டினார்கள்.

நோய் எதிர்ப்பு என்றாலே எல்லாரும் போர், படை என்று பேசுகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவாக ஒப்புதல் இல்லை. நுண்ணோக்கியில் திசு ஸ்லைடு பார்த்தே பழகிய கண்ணுக்கு, இந்தச் செல் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளராகத்தான் தெரிகிறது. இடித்துக்கொண்ட இடம் ஊதாவாகி, அப்புறம் பச்சையாகி, கடைசியில் மஞ்சளாவதைப் பார்த்திருப்பாய். கசிந்த ரத்தத்தை மேக்ரோஃபேஜ்கள் உடைக்கும்போது வரும் நிறங்கள் அவை: பச்சை பிலிவெர்டின், மஞ்சள் பிலிரூபின். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். கிழடானவற்றை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள மேக்ரோஃபேஜ்கள் பிரித்து, இரும்பைப் புது ரத்தம் ஊறத் திருப்பிக் கொடுக்கின்றன. தினமும் 20 மில்லிகிராமுக்குக் குறையாது. சாப்பாட்டிலிருந்து நாம் உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான்!

சண்டையும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 1882இல் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் லார்வாவுக்குள் மெச்னிகோவ் என்ற விலங்கியலாளர் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் செல்கள் அதைச் சூழ்ந்து நின்றன. அந்த வழியில் ஆராய்ந்து போனதற்கு 1908இல் அவருக்கு எர்லிக் என்ற இன்னொரு விஞ்ஞானியோடு சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. கிருமியை விழுங்கி உடைத்த மேக்ரோஃபேஜ், அதன் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்தி டி செல்கள் என்ற வேறு வகை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டும். அது சுரக்கும் இன்டர்லூக்கின்கள் என்ற செய்திப் புரதங்கள் மூளை வரை போய்க் காய்ச்சலைக் கிளப்பும்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது, அதற்கு நிறுத்தவும் தெரியும் என்பதுதான். காயத்துக்கு முதலில் ஓடி வருபவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள். வேலை முடிந்ததும் அவை செத்துப்போகும். அந்தச் சடலங்களை விழுங்கிய மேக்ரோஃபேஜின் போக்கே மாறிவிடுகிறது. அதுவரை அழற்சியை (காயம் சிவந்து வீங்குவதை) தூண்டிக்கொண்டிருந்த செல், இப்போது அதை அடக்கும் பொருள்களைச் சுரந்து புதுத் திசு வளர வழிவிடுகிறது. இந்த மாற்றம் சரியாக நடக்காவிட்டால் புண் ஆறவே ஆறாது. சர்க்கரை நோயாளிகளின் கால்புண் இழுத்துக்கொண்டே போவதில் இதற்கும் பங்கு இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கி விழுங்கி, நகர முடியாமல் அடைத்துக் கிடப்பதும் இதே செல்தான். காசநோய்க் கிருமியோ படு சாமர்த்தியம். தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும்.

இப்போது உன் இன்னொரு கேள்வி: எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் மாத்திரை வாங்கலாமா? வேண்டாம். எதைக் கூட்டப்போகிறார்களாம்? விழுங்குவதையா, அழற்சியையா, ஆற்றுவதையா? முடக்குவாதத்தில் மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் டிஎன்எஃப் என்ற பொருள் மிதமிஞ்சிப் போய்த்தான் மூட்டு கெடுகிறது. அதை அடக்குவதற்கென்றே ஊசி மருந்து இருக்கிறது. கூடினால் நல்லது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல இங்கே இடமில்லை.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று மட்டும் பார். 10 வருஷம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் கேட்டு ஒன்று போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா