சிப்பி பொறுக்கும் போட்டி வேண்டாம்: குடும்ப தின ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ரந்தாவ் குடும்ப தின ஏற்பாட்டுக் குழுவினருக்கு வணக்கம்.

போர்ட்டிக்சன் கடற்கரைப் பயணத்தின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பஸ், சாப்பாடு, கயிறு இழுக்கும் போட்டி எல்லாம் சரி. 'கெராங் (சேற்றில் கிடைக்கும் சிறு சிப்பி வகை), சிப்பி பொறுக்கும் போட்டி. கிடைத்ததை அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும், "சின்ன வயசிலிருந்து சாப்பிடுகிறோம், ஒன்றும் ஆகலையே" என்றார்கள். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது; அதனால்தான் இந்த மடல்.

சிப்பியில் சேரும் ஒரு நஞ்சைப் பற்றித்தான் என் கவலை. அது டைனோஃபிளாஜெல்லேட் என்பவற்றிலிருந்து வருகிறது. இவை நீரில் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள். பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாது. நுண்ணோக்கியில் பார்த்தால் இடுப்பைச் சுற்றி ஒரு பள்ளம் தெரியும். அதற்குள் சாட்டை மாதிரி ஒரு மெல்லிய கசையிழை நெளிந்துகொண்டே இருக்கும். இன்னொன்று வாலாகப் பின்னால் நீளும். இரண்டும் அடிக்க அடிக்க, பம்பரம் மாதிரி சுழன்றுகொண்டே முன்னால் போகும். பலவற்றுக்குச் செல்லுலோஸ் தகடுகளால் கவசமும் உண்டு. ஏறக்குறைய பாதி இனங்கள் வெயிலில் தாமே உணவு தயாரிக்கும். மற்றவை பிற உயிர்களைப் பிடித்துத் தின்னும். இரண்டையும் செய்கிறவையும் இருக்கின்றன. பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சர்க்கரை ஊட்டுவதும் இந்தக் கூட்டம்தான். ஆக, இவற்றின்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சில இனங்கள் மட்டும் சாக்ஸிடாக்ஸின் என்ற நஞ்சைச் செய்கின்றன. சிப்பியும் கெராங்கும் கடல் நீரை வடிகட்டித் தின்பவை என்பதால் நஞ்சு அவற்றின் சதையில் சேர்ந்துகொண்டே போகும். சிப்பிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பார்க்கவும் முகரவும் புதிதாகவே இருக்கும். சாப்பிட்டவருக்குத்தான் முதலில் உதடு மரத்துப்போகும், அப்புறம் விரல்கள். நரம்புச் செல்லுக்குள் சோடியம் போகும் வழியை அந்த நஞ்சு அடைத்துவிடுகிறது. முற்றினால் மூச்சுத் தசையும் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடலை விட்டுப் போகும்வரை கருவி வைத்து மூச்சு கொடுப்பதுதான் சிகிச்சை.

"நல்லா வேகவைத்தால் போதும்" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். போதாது அண்ணே. கிருமி சாகும், இந்த நஞ்சு சாகாது. கொதிக்க வைத்தாலும், சுட்டாலும், ஐஸில் போட்டாலும், புளியும் எலுமிச்சையும் பிழிந்து சம்பலில் புரட்டினாலும் அது அப்படியேதான் இருக்கும். கடல் சிவந்திருந்தால்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. தெளிவான நீரிலும் நஞ்சு சேரும் அளவுக்கு இவை இருக்கலாம்.

சின்ன வயசில் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் காரணம் உண்டு: இந்த நஞ்சு எப்போதும் இருப்பதில்லை. இவற்றில் பல, சூழல் ஒத்துவராதபோது தடித்த ஓட்டுக்குள் சுருண்டு சேற்றில் தூங்கப் போய்விடும், வருடக்கணக்கில்கூட. நீரின் சூடு, வெளிச்சம், சத்து கூடிவந்தால் எழுந்து பெருகும். நம் தோட்டத்து உரமும் பட்டணத்துக் கழிவும் லிங்கி ஆறு வழியாகக் கடலுக்குத்தான் போகின்றன. இவை பெருக அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

நம் மலேசியாவுக்கு இது புதிதும் இல்லை. 1976-இல் சபாவில் பைரோடினியம் என்ற நஞ்சுள்ள டைனோஃபிளாஜெல்லேட் பெருகி, சிப்பி தின்றவர்கள் இறந்தார்கள். (அதே இனம்தான் புவெர்ட்டோ ரிக்கோ விரிகுடாக்களை இரவில் நீலமாக ஒளிர வைக்கிறது!) 1991-இல் மலாக்காவின் செபாத்துவில் சிலர் நோயுற்றார்கள், 2001-இல் கிளந்தானின் தும்பாட்டில் உயிர் போனது. 2024 ஏப்ரலில், நீங்கள் பஸ் பிடித்துப் போகும் அதே போர்ட்டிக்சனில் சிப்பி சாப்பிட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்குள்ள சிப்பிகளைச் சாப்பிட வேண்டாம் என்று மீன்வளத்துறையும் அறிவித்தது.

குடல் நீக்கிய மீனைப் பொரியுங்கள், கோழி சுடுங்கள். போட்டி நேரத்தை என்னிடம் கொடுத்தால், பிள்ளைகளுக்கு ஒரு பாட்டில் கடல் நீர் எடுத்து நுண்ணோக்கியில் காட்டுகிறேன். கண்ணாடித் தகடுகள் என்னிடம் இருக்கின்றன. நுண்ணோக்கியை யாரிடம் இரவல் கேட்கலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயணத்துக்குப் பெயர் கொடுத்த ஒரு தாய்