வரவேற்பு வாரம் திட்டமிடும் தமிழ் மாணவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் தமிழ் மாணவர் சங்கத்தாருக்கும், சர்வதேச மாணவர் அலுவலகங்களில் இன்டர்னாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆகஸ்டில் வந்து இறங்கப்போகிறவர்களுக்காக நிகழ்ச்சி நிரல் போட உட்கார்ந்திருப்பீர்கள். இந்த வேலையின் உள்விவரம் தெரிந்தவர்களாக ஒன்றை வற்புறுத்திக் கேட்கிறோம். விசா, வங்கி, காப்பீடு, வேலை, வரி என்று எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள். எது என்றைக்குத் தேவையோ அது அன்றைக்குப் போய்ச் சேரட்டும்.

கடிகாரத்தைப் பார்த்தாலே காரணம் புரியும். ஆகஸ்டில் நியூயார்க் சென்னையை விட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. பிற்பகல் 3 மணிக்கு நீங்கள் விசா விதிகளை விளக்கும்போது, நேற்று வந்திறங்கியவரின் உடம்புக்கு அது நள்ளிரவு 12.30. கலிஃபோர்னியாவில் என்றால் விடியற்காலை 3.30. கட்டாயம் கேட்க வேண்டியதைக் காலை 9 மணிக்கு வையுங்கள். பிற்பகலுக்கு நடந்து திரிந்து செய்கிற வேலை போதும்: அடையாள அட்டைக்குப் போட்டோ, சிம் கார்டு, மளிகைக் கடை.

விமான நிலையத்துக்குக் கார் அனுப்பும்போது ஆளை எண்ணாதீர்கள், பெட்டியை எண்ணுங்கள். ஒருவருக்கு 23 கிலோப் பெட்டி இரண்டு, கைப்பெட்டி ஒன்று, லேப்டாப் பை ஒன்று. ஒரு செடானில் ஓட்டுகிறவர் போக இரண்டு பேருக்குத்தான் இடம். வருகைப் படிவத்தில் மாதத்தை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். 08/09 என்பது நமக்கு செப்டம்பர் 8, அங்கே ஆகஸ்ட் 9. தடுப்பூசிச் சான்றிதழிலும் இதே குழப்பம்தான். தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டு தவணைத் தேதிகள் மாறிப் பதிவானால், பாடம் பதிவு செய்ய முடியாமல் தடை விழக்கூடும். சனி, ஞாயிறு இரவில் வருகிறவருக்கு விடுதிச் சாவியை யார் தருவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அறையில் பெரும்பாலும் வெறும் மெத்தைதான் இருக்கும். ஒரு போர்வை, தலையணை, சோப்பு, பிளக் அடாப்டர் தயாராக இருக்கட்டும்.

ஆவணச் சரிபார்ப்பு வரிசைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 பேர், ஆளுக்கு 4 நிமிடம், 4 மேசை: ஐந்து மணி நேரம். பாஸ்போர்ட், விசா, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 சான்று, நாட்டுக்குள் வந்ததைக் காட்டும் ஐ-94 பதிவு நான்கையும் முன்பே இணையத்தில் ஏற்றச் சொல்லி, மேசையில் முகத்தை மட்டும் ஒப்பிட்டால் ஒன்றரை நிமிடம் போதும். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆவணத்தில் குறை உள்ளவர்களுக்குத் தனியாக ஐந்தாவது மேசை போடுங்கள். அது இல்லாவிட்டால் ஒருவரின் சிக்கலுக்காக வரிசை முழுவதும் நிற்கும்.

அந்த ஐந்தாவது மேசைக்கு நம் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள். காரணம் பெயர். நம்மிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அது குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போகும். விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பட்டியலை முதல் பெயரால் அடுக்கினால் பத்து எஃப்என்யூக்கள் வரிசையாக நிற்பார்கள், கழுத்து அட்டையிலும் அதுவே அச்சாகும். பெயரே இல்லாதவராக ஒரு பிள்ளையை வரவேற்பது எவ்வளவு வருத்தமான காரியம்! படிவத்தில் ‘உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்’ என்று தனிக் கட்டம் வைத்து, அட்டைக்கு அதையே எடுங்கள். அரசு ஆவணங்களில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். ஐ-94 இணையத்தில் அகப்படாவிட்டால் முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்என்யூ என்று இட்டுத் தேடச் சொல்லுங்கள். அதில் மாணவர் விசா வகையான எஃப்-1 என்றுதான் இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். சுற்றுலா விசா வகை தவறிப் பதிவாகியிருந்தால் உடனே அலுவலகத்துக்குத் தெரிய வேண்டும்.

முதல் வாரத்தில் இது போதும். படிப்பு தொடங்கும் தேதியிலிருந்து 30 நாளுக்குள் செவிஸ் என்ற அரசின் சர்வதேச மாணவர் தரவுத்தளத்தில் பதிவு முடிய வேண்டும் என்பதை மட்டும் தவறாமல் சொல்லுங்கள். வேலை பார்ப்பவர்களுக்கு அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு வளாகத்தில் வேலை கிடைத்ததற்கான கடிதம் வேண்டும். நாட்டுக்குள் வந்து 10 நாளாவது ஆகட்டும். காப்பீட்டை இரண்டாம் வாரம் பேசலாம். பாடத்தைக் கைவிடுவது பற்றி முதல் தேர்வுக்குச் சற்று முன் பேசுங்கள், மனம் தளர்வது அப்போதுதான். அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் பாடத்தைக் கைவிட்டு முழுநேர அளவுக்குக் கீழே போனால் விசா நிலையே பறிபோகும் என்பது அன்றைக்குத்தான் காதில் ஏறும்.

வாட்ஸ்அப் குழுவில் குடியேற்ற விதிகளுக்கு நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். வெளியே பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ கைக்காசுக்கு வேலை பார்க்கலாமா என்று ஒருவர் கேட்க, ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒரு சீனியர் எழுதிவிட்டால், அதற்கு விலை கொடுப்பவர் கேள்வி கேட்டவர்தான். வளாக வேலைக்கே வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வரம்பு. கேள்வியை அலுவலக ஆலோசகருக்கு அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கித் தாருங்கள்.

சாப்பாட்டில் இரண்டு செய்தி. சைவ உணவு என்று அங்கே தருவதில் முட்டை இருக்கலாம், ஒவ்வொரு தட்டிலும் எழுதி வையுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சியையும் அப்படியே. சைவ உணவைச் சைவம் சாப்பிடுகிறவர்களின் தலைக்கணக்கை விடக் கூடுதலாக வாங்குங்கள், ஆடி வெள்ளி என்றால் இன்னும் கூடும். இன்னொன்று தாளிப்பு. கடுகும் மிளகாயும் புகைந்தால் அலாரம் அடித்துக் கட்டடமே காலியாகும், தீயணைப்பு வண்டியும் வரும். சன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுத் தாளிக்கச் சொல்லுங்கள். அலாரத்தைத் துணியால் மூடும் யோசனையை யாரும் சொல்லித்தர விடாதீர்கள்.

அன்புடன்,
சர்வதேச மாணவர் அலுவலகங்களில் பயிற்சிப் பணி பார்த்தவர்கள்