கத்தரிக்காய்க்குத் திறக்கிற கேட்: எங்கள் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அம்மா, வார்டன் மேடம், பி.டி. சார், மூன்று பேருக்கும் வணக்கம்.

நான் நம் கல்லூரியை விட்டு வெளியே வந்து ஏழு வருடம் ஆகிறது. இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் நாலு நாள் காலையில் அடையாற்றங்கரைக்குப் போய் நம் பெண்கள் ரோயிங் (துடுப்புப் படகுப் போட்டி) அணிக்குக் கூடமாட ஒத்தாசை செய்கிறேன். படகைத் தூக்கக் கை கொடுப்பேன், ஸ்டாப்வாட்ச் பிடிப்பேன், வாழைப்பழம் வாங்கி வருவேன், அவ்வளவுதான். நியாயமாக இந்த மடலை அந்தப் பிள்ளைகள்தான் எழுத வேண்டும். எழுத மாட்டார்கள். இன்டர்னல் மார்க் உங்கள் கையில், ஹால் டிக்கெட் உங்கள் கையில். என் டி.சி. என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, அதனால் நான் எழுதுகிறேன்.

கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பெண்கள் விடுதி கேட்டை, ரோயிங் அணியில் இருக்கிற இரண்டு பேருக்கு மட்டும், பயிற்சி நாட்களில் காலை 5 மணிக்குத் திறந்து விடுங்கள். இப்போது 6.30-க்குத் திறக்கிறீர்கள். பணம் கேட்கவில்லை, புதுப் படகு கேட்கவில்லை. ஒன்றரை மணி நேரம்.

அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று வார்டன் மேடம் போன மாதம் கேட்டார்களாம். கணக்கைச் சொல்கிறேன். 6.30-க்குக் கேட் திறந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்து ஆற்றங்கரைக்கு வர 7.05. உடம்பைக் கொஞ்சம் சூடுபடுத்திவிட்டு, படகைக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்து தண்ணீரில் இறக்க 7.20. 9 மணி வகுப்புக்குக் குளித்துச் சாப்பிட்டு உட்கார வேண்டுமென்றால் 7.50-க்குக் கரையேறியாக வேண்டும். ஆக தண்ணீரில் அரை மணி நேரம். அதிலும் படகைத் திருப்புவதற்கும் திரும்பி வருவதற்கும் பாதி போய்விடும். கேட் 5-க்குத் திறந்தால், லேசாக வெளுக்கிற நேரத்தில் 5.50-க்கெல்லாம் தண்ணீரில் இருப்பார்கள். முழுசாக இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

சாயங்காலம் வரலாமே என்பீர்கள். லேப் முடிய 4.30, விடுதி அட்டெண்டன்ஸ் 6.30. அந்த இடைவெளியில் சென்னை டிராஃபிக்கில் போய் வருவதே பெரிய காரியம். அதைவிட முக்கியம், மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறிவிடும். அந்தப் படகு பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் நீளம், ஆனால் அகலம் என்னவோ ஒரு ஆள் உட்காருகிற அளவுக்குத்தான். தண்ணீர் கொஞ்சம் அலைந்தாலும் துடுப்பு ஒரு பக்கம் ஆழமாக இறங்கும், இன்னொரு பக்கம் மேலே தட்டும். கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்க முடியாது, விழாமல் இருக்கத்தான் கற்கலாம். (அடையாற்றில் விழுவது என்றால் என்னவென்று சென்னைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நான் மூன்று தடவை விழுந்திருக்கிறேன். மூன்று தடவையும் வாசலிலேயே நிறுத்திவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள்.)

சண்டிகர் சுக்னா ஏரியில் நடக்கப்போகிற இந்திய அளவிலான போட்டியில் நம் அணி பதிவு செய்திருப்பது பெண்கள் நால்வர் படகுக்கு, அதுவும் காக்ஸ் இல்லாத படகு. காக்ஸ் என்றால் துடுப்புப் போடாமல், திசை பார்த்துக் குரல் கொடுக்கிறவர். இதில் அப்படி ஆள் கிடையாது. நாலு பேரும் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். பௌ சீட்டில், அதாவது படகு போகிற திசையில் முதல் சீட்டில், இருக்கிற பெண்ணின் ஷூவில் ஒரு மெல்லிய கம்பி கட்டியிருக்கும், அவள் பாதத்தை லேசாக இப்படி அப்படித் திருப்பினால் அடியில் இருக்கிற சுக்கான் திரும்பும். இரண்டு செகண்டுக்கு ஒரு தடவை முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு, நடுநடுவே தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கால் கட்டைவிரலால் ஓட்டுகிறாள். ஸ்ட்ரோக் சீட்டில், அதாவது படகின் மறுமுனைச் சீட்டில், இருக்கிறவள் தாளம். அவள் என்ன வேகத்தில் போடுகிறாளோ மற்ற மூன்று துடுப்பும் அதே வேகத்தில், அதே நொடியில் இறங்க வேண்டும். 2000 மீட்டருக்கு நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் சுமார் 240 தடவை நாலு துடுப்பும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏற வேண்டும்.

இப்போது பாருங்கள், விடுதியில் இருக்கிற இரண்டு பேர் யார் என்றால், ஒருத்தி ஸ்ட்ரோக், இன்னொருத்தி பௌ. தாளமும் சுக்கானும் உங்கள் கேட்டுக்கு உள்ளே. சைதாப்பேட்டையிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வருகிற மற்ற இரண்டு பேர் அப்பா ஸ்கூட்டரில் 5.30-க்கே வந்து இறங்கிவிடுகிறார்கள். 50 கிலோ படகைப் பதின்மூன்று மீட்டர் நீளத்துக்கு இரண்டு பேராகத் தூக்க முடியாது. ரோட்டில் ஓடுகிறார்கள், பன் சாப்பிடுகிறார்கள், செல்போன் வெளிச்சத்தில் இன்டர்னலுக்குப் படிக்கிறார்கள். இருவர் படகு ஓட்டலாமே என்றால் சில நாள் அதையும் ஓட்டுகிறார்கள். ஆனால் போட்டியில் இறங்கப்போவது நால்வர் படகில்.

அப்புறம் அந்த மெஷின். கல்லூரி ஜிம்மில் ரோயிங் மெஷின் இருக்கிறதே, விடுதிக்குள்ளேயே பண்ணலாமே என்று சொல்லப்பட்டது. எர்கோ என்று நாங்கள் சொல்கிற அந்த மெஷின் நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். மூச்சுக்கும் காலுக்கும் அதுதான். நானே அதில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஆனால் அது தரையில் நிற்கிறது. கவிழாது. முன்னால் இருக்கிறவளின் முதுகு அசைவதைப் பார்த்து உன் கையை அரை நொடி தாமதிக்க அது கற்றுத்தராது. கட்டிலில் குப்புறப் படுத்து நீச்சல் பழகுவதைப் போலத்தான்.

போன புதன்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். வழக்கம்போல 7.20-க்கு இறங்கினார்கள். பாலத்தில் பஸ் ஹாரன் ஆரம்பித்துவிட்டது. முதல் பத்து நிமிடம் படகு இடது பக்கம் சாய்ந்துகொண்டே போனது, மூன்றாம் சீட் பெண்ணின் துடுப்பு தண்ணீரில் சிக்கி வயிற்றில் இடித்தது. அதற்கு கிராப் என்று பெயர், நண்டு பிடித்துவிட்டாள் என்று கேலி செய்வோம். பயிற்சியாளர் கரையோரம் சைக்கிளில் கூடவே வந்தபடி கத்திக்கொண்டிருந்தார். திரும்பி வருகையில், 7.45 இருக்கும், சட்டென்று படகு உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டது என்றுதான் நாங்கள் சொல்வோம். சாயவில்லை, நாலு துடுப்பும் ஒரே டப்பென்று இறங்கின, நடுவில் யாரும் இழுக்காத அந்த ஒரு கணத்தில் படகுக்கு அடியில் குமிழ் ஓடுகிற சத்தம் கரை வரைக்கும் கேட்டது, குடத்தில் தண்ணீர் நிறைகிறபோது வருமே அந்த மாதிரி. பன்னிரண்டு, பதின்மூன்று இழுப்பு இருக்கும். அரியலூரிலிருந்து வந்த பெண், கடலையே கல்லூரியில் சேர்ந்தபின் பார்த்தவள், ஸ்ட்ரோக் சீட்டில் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, அசையாமல் அப்படியே வைத்திருந்தாள், எங்கே கலைந்துவிடுமோ என்று. அப்போது பயிற்சியாளர் மணியைப் பார்த்துவிட்டு 'ஈஸி ஆல்' என்றார். துடுப்பை நிறுத்தினார்கள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அந்தப் பன்னிரண்டு இழுப்பை 240 ஆக்குவதற்குத்தான் நேரம் கேட்கிறோம்.

பாதுகாப்பு என்ற சொல்லை வார்டன் மேடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இருட்டில் பெண் பிள்ளைகளை வெளியே அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்பது நியாயமான பயம்தான், நானும் விடுதியில் இருந்தவள், உங்கள் பொறுப்பு எனக்குத் தெரியும். ஆனால் அதே காலையில் ஆண்கள் விடுதியிலிருந்து கிரிக்கெட் பையன்கள் 5 மணிக்குப் போகிறார்களே, அவர்களுக்கு ரிஜிஸ்டர்கூட இல்லை. இன்னொன்று. பெண்கள் விடுதி மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்க, இதே கேட்டைத் திறந்துதான் வேன் கோயம்பேட்டுக்கு விடியற்காலை 4 மணிக்குப் போகிறது. வாட்ச்மேன் அண்ணன் எழுந்து, பூட்டைத் திறந்து, வண்டியை அனுப்பிவிட்டுத் திரும்பப் பூட்டிவிட்டுப் படுக்கிறார். கத்தரிக்காய்க்கு 4 மணிக்குத் திறக்கிற கேட், இந்திய அளவில் கல்லூரி பெயரைக் கொண்டுபோகிற பிள்ளைகளுக்கு 5 மணிக்குத் திறக்காதா மேடம்? வேண்டுமானால் அவர்கள் ஆட்டோவில் போக வேண்டாம். தினமும் நானே காரில் வந்து அழைத்துப் போகிறேன். என் ஆதார் நகலும் லைசென்ஸ் நகலும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

"இதெல்லாம் நம்ம ஊர் விளையாட்டா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டாராம். அடையாற்றுக் கரையில் மெட்ராஸ் போட் கிளப் 1867-இல் தொடங்கியது. கொழும்புக்காரர்களோடு மெட்ராஸ் துடுப்புப் போட்டி 1898-இலிருந்து நடந்துவருகிறது. நம் ஊரில் கிரிக்கெட் ரேடியோவில் கேட்பதற்கு ரொம்ப முன்பே இந்த ஆற்றில் துடுப்பு விழுந்திருக்கிறது. பெண்கள்தான் தாமதமாக வந்தார்கள், எல்லா இடத்திலும் அப்படித்தான். ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கு ரோயிங் வந்ததே 1976 மான்ட்ரியலில். அதிலும் ஆண்களுக்கு 2000 மீட்டர், பெண்களுக்கு 1000 மீட்டர் என்று வைத்திருந்தார்கள், 1988 சியோலில்தான் சமமாக்கினார்கள். நம் பிள்ளைகள் ஓட்டுகிற இந்த காக்ஸ் இல்லாத நால்வர் படகு, பெண்கள் பிரிவில் 1992-இல் ஒரு தடவை வந்துவிட்டு அப்புறம் டோக்கியோவில்தான் திரும்ப வந்தது. நம் நாட்டுப் பெண்களும் சும்மா இல்லை. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் பிரதிமா புஹானா, பிரமிளா பிரவா மின்ஸ் என்று ஒடிசாவைச் சேர்ந்த இரண்டு பேர் இருவர் படகில் வெண்கலம் வாங்கினார்கள்.

அதே 1976-இல் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு கதை நடந்தது. படகுக் கொட்டகையில் ஆண்கள் அணிக்குக் குளியலறை உண்டு, பெண்களுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் நனைந்த உடையோடு பஸ்ஸில் உட்கார்ந்து, ஆண்கள் வெந்நீரில் குளித்துவிட்டு வரும்வரை காத்திருப்பார்கள். கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மார்ச் 3-ஆம் தேதி கேப்டன் கிறிஸ் எர்ன்ஸ்ட் தலைமையில் 19 பெண்கள் உடற்கல்வி இயக்குநரின் அறைக்குப் போய், சட்டையைக் கழற்றி, உடம்பில் எழுதியிருந்ததைக் காட்டி நின்றார்கள். எழுதியிருந்தது 'டைட்டில் 9', கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்கிற 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர். கூடவே ஒரு நிருபரையும் கூட்டிப் போயிருந்தார்கள். அப்புறம் குளியலறை வந்தது.

பி.டி. சார், நீங்கள் பதற வேண்டாம். நாங்கள் கடிதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அட்டெண்டன்ஸ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சண்டிகர் சுக்னா ஏரிக்குப் போய்வர, போட்டி நாட்களையும் சேர்த்துப் பத்து நாளுக்கு மேல் ஆகும். டெல்லி வரைக்கே ரயிலில் ஒன்றரை நாள். அந்த நாட்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) கொடுப்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதை எழுத்தில் கொடுத்துவிட்டால் நல்லது. என் காலத்தில் வாய்வார்த்தையை நம்பிப் போய்விட்டு வந்து 75 சதவீதம் இல்லை என்று அபராதம் கட்டினேன். அதே வருடம் மாநிலப் போட்டியில் நாங்கள் வாங்கிய பதக்கத்துக்காக வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தீர்கள். அதில் அப்போதைய முதல்வர், தாளாளர் படங்களுக்குக் கீழே நாங்கள் நாலு பேரும் ஸ்டாம்ப் சைஸில் இருந்தோம். என் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள். போகட்டும்.

சுக்னாவில் படகு நம்முடையது இல்லை, அங்கே கொடுக்கிற படகில்தான் ஏற வேண்டும். பழகாத படகில் ரிக்கர் (துடுப்பைத் தாங்குகிற சட்டம்) உயரமும் கால் பலகையும் நம் ஆட்களுக்குத் தோதாக இருக்காது, கழற்றி மாட்ட வேண்டும். அதற்காக ஆளுக்கொரு 10 நம்பர் ஸ்பானர் இப்போதே வாங்கி, சிவப்பு நூல் சுற்றி அடையாளம் வைத்து, பென்சில் பாக்ஸில் போட்டுக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள். லேபில் ஒரு ஸ்டூல் ஆடியதற்குக்கூட அதை எடுத்து முடுக்கிவிட்டார்களாம். இவ்வளவு தூரம் தயாராக இருக்கிறவர்களுக்கு இல்லாதது தண்ணீரும் நேரமும்தான்.

நாலு பேரின் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம், பயிற்சி நேர அட்டவணை, என் நகல்கள், பயிற்சியாளரின் போன் நம்பர், எல்லாம் ஒரு நீலக் கோப்பில் பி.டி. சார் மேசையில் மூன்று வாரமாக இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தில் வார்டன் மேடத்துக்கும் முதல்வர் அம்மாவுக்கும் இடம் விட்டிருக்கிறோம். கோப்பு மேலே போய்விட்டால் வருகிற திங்கட்கிழமை 4.55-க்கு என் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். பேனா இல்லை என்று தள்ளிப்போய்விட வேண்டாம், கேட்டில் அந்த ரிஜிஸ்டரோடு சணல் கயிற்றில் ஒன்று தொங்குகிறது, என் காலத்திலிருந்து அதே கயிறு, நன்றாகவே எழுதுகிறது.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி, இரண்டாம் சீட்