பொழுதுபோக்குக்கு படம் எடுக்குறவனுக்கு மாச வாடகை எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல போட்டோ எடிட்டிங் சாப்ட்வேர் பத்தி வந்த கட்டுரையை படிச்சேன். விவரமா எழுதியிருந்தாங்க, ஆனா கேமரா வாங்கினவன் அடுத்த வேலையா அடோபி கம்பெனியோட லைட்ரூம் சாப்ட்வேருக்கு மாசாமாசம் பணம் கட்ட ஆரம்பிச்சிடணும், இல்லன்னா அவன் படம் எடுத்தே பிரயோஜனம் இல்லங்கிற மாதிரி முடிச்சிருந்தது எனக்கு சரியா படல, அதான் இந்த லெட்டர்.

கல்யாண போட்டோ எடுக்குற ஸ்டுடியோகாரருக்கு லைட்ரூம் வேணும்தான், அதுல மறுபேச்சே இல்ல. ஒரு முகூர்த்தத்துக்கு ஆயிரக்கணக்குல படம் வரும், ஒரு படத்துல வச்ச செட்டிங்கை மீதி எல்லாத்துக்கும் ஒரே தட்டுல போடலாம், முகத்தை மட்டும் தனியா பிரிச்சு (மாஸ்க் பண்ணி) திருத்தலாம், நைட் ரிசப்ஷன்ல புள்ளி புள்ளியா வந்த நாய்ஸை நல்லா சுத்தம் பண்ணும், அவருக்கு அது தொழில் செலவு. நம்மள மாதிரி ஆளு சித்திரை திருவிழாவுக்கு நாலு நாள் அலைவான், சீசன் வந்தா வேடந்தாங்கல் போவான், மத்த நாள்ல கேமரா பீரோவுக்குள்ள தூங்கும், ஆனா பணம் மட்டும் மாசம் தவறாம போய்ட்டே இருக்கும். அதுவும் மாசக்கட்டணம்னு நினைச்சு சேர்றதுல பல பிளான் உண்மையில வருஷ ஒப்பந்தம், நடுவுல நிறுத்தினா அபராதம் உண்டு. இந்த அபராதத்தை சரியா சொல்லாம மறைக்கிறாங்கன்னுதான் அமெரிக்காவுல வாடிக்கையாளர் பாதுகாப்பை பாக்குற அரசு அமைப்பான எஃப்டிசி 2024 ஜூன்ல அடோபி மேல கேஸே போட்டுச்சு.

2012ல வந்த சிஎஸ்6 தான் ஒரு தடவை காசு குடுத்து வாங்கி வச்சுக்க முடிஞ்ச கடைசி போட்டோஷாப். அடுத்த வருஷமே இனிமே எல்லாம் சந்தான்னு சொல்லிட்டாங்க. லைட்ரூம்ல 2015ல வந்த ஆறாவது வெர்ஷனோட அந்த கதையும் முடிஞ்சது. ரொம்ப நாள் மாசம் 9.99 டாலருக்கு ஓடுன 20 ஜிபி போட்டோகிராபி பிளான்லயும் 2025 ஜனவரிக்கு அப்புறம் புதுசா யாரும் சேர முடியல. சரி, பணம் கட்டுறத நிறுத்தினா என்ன ஆகும்? லைட்ரூம் கிளாசிக் திறக்கும், படத்தை பாக்கலாம், வெளிய எக்ஸ்போர்ட்டும் பண்ணலாம், ஆனா படத்தை விவரமா திருத்துற டெவலப்ங்கிற பகுதி பூட்டிக்கும். அதாவது வருஷக்கணக்கா ராத்திரி முழிச்சு திருத்துன படத்துல முகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் ஏத்தலாமேன்னு தோணுச்சுன்னா மறுபடி வாடகை கட்டித்தான் வீட்டுக்குள்ள போகணும்.

ஓசியில குடுக்குறதெல்லாம் நிலைச்சு நிக்கும்னும் நான் சொல்ல வரல. பிகாசாங்கிற இலவச போட்டோ சாப்ட்வேரை நம்ம வீடுகள்ல எத்தனை பேர் வச்சிருந்தோம், 2016ல கூகுள் அதை இழுத்து மூடிடுச்சு. காசு குடுத்து வாங்கின ஆப்பிள் அப்பர்ச்சருக்கும் அதே கதிதான். அபினிட்டிங்கிற எடிட்டிங் சாப்ட்வேரை ஒரு தடவை வாங்கினா போதும்னு சொல்லி வித்தாங்க, 2024ல கேன்வா அந்த கம்பெனியையே வாங்குச்சு, 2025 அக்டோபர்ல இலவசம்னு அறிவிச்சாங்க, ஆனா கேன்வா அக்கவுண்ட் வேணும். நல்ல சாப்ட்வேர்தான், முயற்சி பண்ணிப் பாக்கலாம், நாளைக்கு அவங்க மனசு எப்படி மாறும்னு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால எதை எடுத்தாலும் இது ஒரு நாள் நின்னு போனா என் கையில என்ன மிஞ்சும்னு முதல்ல கேக்கணும், உங்க கட்டுரையில இந்த கேள்வியே வரல.

புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றது, முதல்ல கேமரா கம்பெனியே சும்மா குடுக்குறதை போட்டு பாருங்க. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். கொஞ்சம் மந்தமாத்தான் ஓடும், ஆனா கேமரா ஸ்கிரீன்ல பாத்த அதே கலர்ல இருந்து ஆரம்பிக்கலாம், அதுக்கே ஒரு தெளிவு வரும். முக்கியமா ரா (RAW) பார்மட்ல எடுங்க, கேமரா தன் இஷ்டத்துக்கு திருத்தாம சென்சார்ல பதிஞ்சதை வச்சிருக்கிற பைல் அது. அழகர் ஆத்துல இறங்குறப்போ தங்கக்குதிரை மேல லைட் அடிச்சு ரொம்ப பளிச்சுன்னு நிக்கும், சுத்தி இருக்குற கூட்டம் இருட்டா இருக்கும், பட்டோட கலர் அப்பிக்கிட்டு மடிப்பே தெரியாது. ஜேபெக்ல ஒரு கலருக்கு 256 படிதான், 14 பிட் ராவுல 16,384 படி, அதனாலதான் ராவுல கூட்டத்தை மேல தூக்கி குதிரையை கீழ இறக்க முடியுது. முழுசா வெள்ளையா போன இடத்தை எந்த சாப்ட்வேராலயும் மீட்க முடியாது, அதை எடுக்கும்போதே பாத்துக்கணும்.

அது பத்தலன்னா டார்க்டேபிள். லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாத்துலயும் ஓடும், ஓப்பன் சோர்ஸ், அதாவது புரோகிராம் கோட் எல்லாருக்கும் திறந்தே இருக்கும், யாரும் பூட்டு போட முடியாது. நீங்க பண்ண திருத்தத்தை படத்துக்கு பக்கத்துலயே சின்னதா ஒரு எக்ஸ்எம்பி பைலா எழுதி வைக்கும், அந்த போல்டரை அப்படியே காப்பி பண்ணி எங்க வேணா கொண்டு போகலாம். ஆனா அந்த திருத்தத்தை முழுசா புரிஞ்சுக்கிறது டார்க்டேபிள் மட்டும்தான், அதனால மனசுக்கு பிடிச்ச படத்தை மத்த சாப்ட்வேர்லயும் திறக்குற 16 பிட் டிஃப் (TIFF) பைலா தனியா எடுத்து வச்சிடுங்க. கத்துக்க கஷ்டம்தான், திறந்ததும் அவ்வளவு மாட்யூலை (திருத்துற கருவிகளை) பாத்து பாதிப் பேர் ஓடிடுவாங்க. எக்ஸ்போஷர், வைட் பேலன்ஸ், சிக்மாய்டு (வெளிச்சம் இருட்டை சமப்படுத்துறது), கிராப், இந்த நாலோட நிறுத்திக்கிட்டா ரொம்ப நாளைக்கு போதும்.

கோபுரத்துக்கு குறுக்க போற கேபிள் வயரை அழிக்க ஜிம்ப்ங்கிற இலவச சாப்ட்வேர். 2025 மார்ச்ல 3.0 வந்ததுக்கு அப்புறம் போட்ட பில்டரை பின்னால திரும்பி வந்து மாத்தவும் முடியுது. பொங்கல் வாழ்த்து எழுதணும்னா யூனிகோட் தமிழை கொம்பு சுழி உடையாம காட்டும், டிடிபி சென்டர்ல பழைய போட்டோஷாப்போட மல்லுக்கட்டினவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு தெரியும். போன் மட்டும் வச்சிருக்கிறவங்களுக்கு ஸ்னாப்சீட் ஆப்பே தாராளம், டிஎன்ஜி வகை ரா பைலையும் திறக்கும். எதுல பண்ணாலும் தயவுசெஞ்சு நம்மூரு முகத்தை வெளுப்பாக்காதீங்க, வயல்ல நிக்கிற பாட்டிக்கு பியூட்டி பில்டர் போடுறதை பாத்தா பத்திக்கிட்டு வருது.

கிராக் வெர்ஷன் பத்தி அதிகம் பேச வேண்டாம், திருட்டுங்கிறது ஒரு பக்கம், நெட் பேங்கிங் பண்ற அதே லேப்டாப்ல ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு எவனோ குடுத்த பைலை ஓட விடுறது எவ்வளவு ஆபத்துன்னு நீங்களே யோசிங்க.

அடுத்த இணைப்புல இந்த இலவச சாப்ட்வேர்களை பத்தியும் ஒரு பக்கம் போடுங்க. எந்த லேப்டாப்ல எது தாங்கும்னும் கண்டிப்பா எழுதுங்க, லைட்ரூம் கிளாசிக்குக்கு குறைஞ்சது 8 ஜிபி ராம் கேக்குது, 16 இருந்தா நல்லதுன்னு அவங்களே சொல்றாங்க. சந்தா கட்டினதுக்கு அப்புறம் லேப்டாப் திணறுறதை பாக்குறதைவிட முன்னாடியே தெரிஞ்சா நல்லதுதானே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மதுரை.