ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கு வாங்கிய பெடல்கள்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
சைக்கிள் உதிரிபாக விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பெடல்கள் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

கரடுமுரடான பாதைக்கும் ஒற்றைச் சக்கர சைக்கிளுக்கும் ஏற்றவை என்று உங்கள் இணையக் கடையில் விளம்பரம் செய்திருந்த அலுமினியப் பெடல்களை ரூ. 3,200 கொடுத்து வாங்கினேன். காலணி வழுக்காமல் பற்றி நிறுத்த, இருபுறமும் கழற்றி மாற்றக்கூடிய எஃகுத் திருகுமுனைகளும் மூடிய பேரிங்கும் உண்டு என்று அதில் எழுதியிருந்தீர்கள். வந்தவற்றில் இரண்டுமே இல்லை. முனைகள் என்று நீங்கள் சொன்னவை பெடலோடு சேர்த்தே வார்த்த அலுமினியக் குமிழ்கள். தேயிலைத் தோட்டச் சரிவுகளில் கல்லில் உரசி அவை விரைவிலேயே மழுங்கிவிட்டன. அச்சும் ஆடுகிறது, மூடியைத் திறந்து பார்த்தால் பேரிங் இருக்க வேண்டிய இடத்தில் புஷ் எனப்படும் வெறும் பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது.

இதைத் தெரிவித்தபோது, குமிழ்கள் தேய்வது இயல்பு, முனை என்பது கூடுதல் வசதி மட்டுமே, ஒற்றைச் சக்கர சைக்கிளில் பயன்படுத்தியதால் உத்தரவாதம் செல்லாது என்று உங்கள் சேவைப் பிரிவு பதில் அனுப்பியது. எந்த வண்டிக்கு ஏற்றது என்று சொல்லி விற்றீர்களோ, அந்த வண்டியில் பூட்டியதையே காரணம் காட்டி மறுப்பது எந்த வகையில் நியாயம்?

முனை கூடுதல் வசதி என்பதையும் என்னால் ஏற்க முடியாது. மிதிக்காமலே சக்கரத்தை உருளவிடும் ஃப்ரீவீல் இந்த வண்டியில் கிடையாது. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க் நேராகச் சக்கரத்தின் அச்சிலேயே பூட்டப்பட்டிருப்பதால் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். என் வண்டியில் தனியாக பிரேக்கும் இல்லை. இறக்கத்தில் மேலேறி வரும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தை அடக்குகிறேன். இரு சக்கர சைக்கிளில் கால் நழுவினால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி சிறிது தூரம் உருண்டு சமாளிக்கலாம். இங்கே கால் நழுவிய நொடியே வண்டி கையை மீறிப் போய்விடும், பெடலும் சுழன்று வந்து காலில் அடிக்கும். மழைக்குப் பிந்தைய ஒரு சரிவில் எனக்கு அதுதான் நடந்தது. முழங்காலுக்குக் கீழே காப்பு அணிந்திருந்ததால் காயம் பெரிதாகவில்லை.

வண்டியோடு வந்த பிளாஸ்டிக் பெடல்கள் ஈரச் செம்மண்ணில் வழுக்கியதால்தான் புதியவற்றுக்குப் பணம் செலவழித்தேன். மலைப்பாதையில் ஓட்ட நினைப்பவர் டயருக்கும் முன்பாக மாற்ற வேண்டியது பெடலைத்தான் என்பது என் உறுதியான கருத்து. காலணியின் அடியில் எஃகு முனை பதிந்து நின்றால், வேர்களின் மேல் ஏறும்போதும் இருக்கையைப் பிடித்துத் துள்ளி இறங்கும்போதும் பாதம் வைத்த இடத்திலேயே இருக்கும். நல்ல பெடல்களில் திருகை அடிப்பக்கத்திலிருந்து செலுத்தி, முனை மறுபக்கம் நீட்டியிருக்கும்படி அமைக்கிறார்கள். பாறையில் மோதி முனை நசுங்கினாலும் அடியில் ஆலன் சாவியைப் போட்டுக் கழற்றி வேறு திருகு மாட்டிவிடலாம். நான் பணம் கொடுத்தது அதற்காகத்தான்.

மரை அளவில் குறை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 9/16 அங்குல மரை, இடது பெடலுக்கு எதிர்த்திசையில் திருகும் இடதுபுரி, இரண்டும் கிராங்கில் சரியாகவே பொருந்தின.

பெடல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அனுப்பும் செலவு உட்பட முழுத் தொகையையும் தர வேண்டும். விற்பனைப் பக்கத்தில் உள்ள தவறான விவரங்களை உடனே நீக்க வேண்டும். அதை நம்பி வாங்கும் அடுத்தவர் இன்னும் செங்குத்தான இறக்கத்தில் விழக்கூடும் என்பதால், இரண்டாவது கோரிக்கையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மின்வணிக விதிகள் 2020இன்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து ஒரு மாதத்துக்குள் தீர்வு தருவது உங்கள் பொறுப்பு. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர அனுமதிப்பதால், நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், விற்பனைப் பக்கத்தின் படம், தேய்ந்த குமிழ்கள் மற்றும் திறந்த அச்சின் புகைப்படங்கள், சேவைப் பிரிவின் பதில்.