யூக்கிகோவும் நீயும்

பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. அலமாரியில் விட்டுப்போனாயே, ஜப்பானிய எழுத்தாளர் தனிஸாகி எழுதிய ‘மகியோகா சகோதரிகள்’, அதைப் படித்து முடித்தேன். இவ்வளவு ஆசையாக ஒரு நாவலைப் படித்து ரொம்ப நாளாகிறது.

ஒசாகாவில் வாழ்ந்து நொடித்த வியாபாரக் குடும்பம், நான்கு அக்கா தங்கைகள். மூன்றாமவள் யூக்கிகோவுக்கு முப்பது வயதாகியும் கல்யாணம் கூடவில்லை. வரன் தேடுவதுதான் கதை. விசாரிப்பெல்லாம் நம் வீடுகளில் நடப்பதுபோலவேதான். பையனின் அம்மாவுக்கு மனநோய் என்று தெரிந்ததும் ஒரு சம்பந்தம் நின்றுபோகிறது. எந்த வரன் வந்தாலும் யூக்கிகோ வாயே திறப்பதில்லை. ஒருவர் அவளை வெளியே அழைத்துப்போகலாம் என்று போன் செய்கிறார். எடுக்கவே தயங்குகிறாள், எடுத்தும் சரியாகப் பேசாமல் மறுத்துவிடுகிறாள். அவருக்குக் கோபம் வந்து, கூடிவந்த சம்பந்தம் போயே போய்விட்டது. எனக்கு அவள்மேல் அத்தனை ஆத்திரம். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொன்னால் என்ன? போனை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆனாலும் அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அக்கா குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். பாட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ இருந்த மாதிரி.

அந்த வீட்டில் யாருக்குச் சோர்வு வந்தாலும் பெரிபெரி என்று சொல்லி வைட்டமின் பி ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சத்து குறைந்தால் வரும் நோய் அது. வெறும் வெள்ளைச் சோறு தின்றால் அப்படித்தான் ஆகும். நீயும் கீரை, பருப்பு சேர்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

வசந்தத்தில் கியோத்தோ போய் ஹெயான் ஆலயத்தில் செர்ரிப் பூ பார்ப்பது அவர்கள் வழக்கம். வாசலைத் தாண்டியதும் கொடிபோலத் தொங்கும் இளஞ்சிவப்புப் பூக்களின் கீழே பட்டுக் கிமோனோவில் நிற்கிறார்கள். இரண்டாவது அக்கா சச்சிகோவுக்கு அங்கே ஒரு துக்கம். அடுத்த வருஷம் யூக்கிகோ நம்மோடு வருவாளோ மாட்டாளோ என்று. அவளுக்கு வரன் தேடி அலைகிறவளும் சச்சிகோதான்! அந்தப் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1943இல் பத்திரிகையில் இது தொடராக வந்தபோது, போர்க்காலத்துக்கு ஆகாது என்று ராணுவம் நிறுத்திவிட்டதாம். மனுஷன் விடாமல் எழுதி முடித்திருக்கிறார். பூவும் புடவையும் ஆகாதென்று சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ.

கடைசியில் யூக்கிகோவுக்குக் கல்யாணம் முடிவாகி, தோக்கியோவுக்கு ரயில் ஏறுகிறாள். முகத்தில் துளி சந்தோஷம் இல்லை. போதாததற்கு வயிற்றுப்போக்கு. கதை அதோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் அவள் எப்படி இருந்தாள் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? உனக்குத் தெரிந்தால் சொல்.

வடவள்ளிக்காரர்கள் மறுபடி கேட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா