மாலை 5 மணிக்குப் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மறதி நோய் வந்த பெரியவர்களுக்கான பராமரிப்பு இல்லத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அறை காற்றோட்டமாக இருக்கிறதா, தோட்டம் இருக்கிறதா, கேமரா வைத்திருக்கிறார்களா, டாக்டர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார் என்றெல்லாம் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். தப்பில்லை. ஆனால் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் நானும் தம்பியும் மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் அப்பாவுக்கு ஓர் இல்லம் தேடினோம், கேட்ட எல்லாமே அங்கே இருந்தது, சேர்த்த ஐந்தே மாதத்தில் அப்பா பாதி ஆளாகிவிட்டார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தையல்காரர். நாற்பது வருடம் மெஷினை விட்டு எழுந்திருக்காதவர். நோய் வந்த பிறகு பெயர்கள் போயின, தேதி போனது, என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொள்கிற நாட்களும் வந்தன. ஆனால் பொழுது சாய ஆரம்பித்தால் போதும், எழுந்துவிடுவார். "கடையைச் சாத்தணும், சாவி எங்கே?" என்று வாசலுக்கும் அறைக்குமாக நடப்பார், தடுத்தால் கோபம் வரும், சில நாள் அழுதுவிடுவார். இந்த நோய் உள்ள நிறையப் பேருக்கு மாலையில்தான் இப்படிப் படபடப்பு கூடுகிறது. உடம்புக்குள் இருக்கிற பகல் இரவுக் கணக்கு குழம்பிப்போவது, நாள் முழுக்கச் சேர்ந்த களைப்பு, வெளிச்சம் குறைந்து நிழல்கள் நீளுவது என்று பல காரணம் சொல்கிறார்கள். டாக்டர்கள் இதைச் சன்டவுனிங் என்பார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள், இல்லத்தைச் சுற்றிப் பார்க்க நம்மை எப்போது வரச் சொல்கிறார்கள்? காலை 11 மணிக்கு. எல்லாரும் குளித்து, துணி மாற்றி, வெயில் வருகிற கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மேலாளர் இருப்பார். பணியாளர்கள் முழு எண்ணிக்கையில் இருப்பார்கள். நாங்கள் போனதும் அப்படித்தான், மனம் நிறைந்து திரும்பினோம். உண்மையைச் சொன்னால் அப்போது நாங்கள் நல்லதாக ஏதாவது காதில் விழாதா என்ற நிலையில் இருந்தோம். அப்பாவை வெளியே விடுகிறோமே என்ற குற்ற உணர்ச்சி இருந்தது, உறவுக்காரர்களின் பேச்சு வேறு. அந்த மனநிலையில் கேள்வி கேட்க வாய் வராது. எதிரே இருப்பவர் "நாங்க பார்த்துக்கறோம், கவலைப்படாதீங்க" என்று சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். என்னைப் போல எத்தனை மகள்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்!

முதல் மாதம் போனபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் தூக்கம். பிறகு எப்போது போனாலும் நாற்காலியில் தலை தொங்க, வாயோரம் எச்சில் வழிய உட்கார்ந்திருப்பார். கால் இழுத்து நடந்தார், கை விறைத்தது, இரண்டு முறை விழுந்தார். நோய் முற்றுகிறது என்றார்கள். நாங்களும் நம்பினோம். வேறொரு நரம்பியல் டாக்டரிடம் காட்டியபோது அவர் முதலில் கேட்டது மருந்துப் பட்டியலைத்தான். எங்களிடம் இல்லை! இல்லத்தில் கேட்டு வாங்குவதற்கே நான்கு நாள் ஆனது. அதில் மாலை 4 மணிக்கு ஒரு மாத்திரை, மனநோய்க்குக் கொடுக்கும் ஆன்டிசைக்காட்டிக் வகை, எங்களுக்குச் சொல்லாமலே சேர்க்கப்பட்டிருந்தது. கடை சாத்தப் போகாமல் இருப்பதற்கு அதுதான் அவர்கள் செய்த ஏற்பாடு.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு ஆன்டிசைக்காட்டிக் மருந்துகளில் புதிய வகைகளைக் கொடுத்தால் இறப்பு ஆபத்து கூடுகிறது என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-இலேயே தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, மருந்து விவரத்தாளில் கட்டம் கட்டி அச்சிடும் எச்சரிக்கையை, போடச் சொன்னது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு 1.6 முதல் 1.7 மடங்கு வரை இருந்தது. 2008-இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்தது. அப்பாவுக்கு வந்திருப்பது லூயி பாடி என்கிற வகை. அந்த வகைக்காரர்களில் பலருக்கு இந்த மருந்து உடம்பை விறைக்க வைத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எப்போதுமே கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் நிலையில், மற்ற வழிகளைப் பார்த்துவிட்டு, குறைந்த அளவில், கொஞ்ச காலத்துக்கு டாக்டர்கள் கொடுப்பதுண்டு. ஆனால் ஆள் குறைவாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை மயக்கி உட்கார வைப்பது வைத்தியம் இல்லை.

இரண்டாவது இல்லத்தை நாங்கள் தேடிய விதமே வேறு. சொல்லாமல் மாலை ஐந்தரைக்குப் போய் நின்றோம். வாசலில் இரண்டு நிமிடம் காக்க வைத்தார்கள், அப்புறம் உள்ளே விட்டார்கள். (இரண்டு இடத்தில் விடவே இல்லை, மேலாளர் இருக்கும்போது வாருங்கள் என்றார்கள். அந்த இடங்களுக்கு நாங்கள் மறுபடி போகவில்லை.) கூடத்தில் ஒரு அம்மா "என் பையன் வந்துட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு பணியாளர் அந்த அம்மாவின் நாற்காலிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண் மட்டத்துக்கு வந்து, "பையனைப் பத்திச் சொல்லுங்க, சின்ன வயசுல ரொம்பச் சேட்டையா?" என்றார். நான் எண்ணினேன், நாங்கள் நின்ற நேரத்தில் அதே கேள்வி ஆறு தடவை வந்தது. ஆறாவது தடவையும் அந்தப் பெண்ணின் குரல் மாறவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு முடிவு பாதி எடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மீதிப் பாதி, அவர்கள் எங்களைக் கேட்ட கேள்விகளில் கிடைத்தது. முதல் இல்லத்தில் அடையாள அட்டையும் கட்டணம் கட்டும் விவரமும்தான் கேட்டார்கள். இங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்து, அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பார், எதற்குப் பயப்படுவார், வலி வந்தால் சொல்வாரா முகத்தைச் சுளிப்பாரா, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இப்போது அங்கே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய இடத்துப் பதிவேட்டில் "பணியாளரின் உடையைப் பிடித்து இழுக்கிறார், முரட்டுத்தனம்" என்று எழுதியிருந்தார்கள். அவர் செய்ததெல்லாம் சட்டைக் கையின் மடிப்பைத் திருப்பி, தையல் பிரிந்திருக்கிறதா என்று கட்டை விரலால் தடவிப் பார்த்தது. இங்கே ஒரு கூடை நிறையத் துணித் துண்டுகள் கொடுத்திருக்கிறார்கள், ஓரம் ஓரமாகத் தடவி அடுக்கிக்கொண்டிருக்கிறார். மாலையில் அவர் எழுந்ததும் ஒருவர் கூடவே எழுந்து, "பூட்டிடலாமா மாஸ்டர்?" என்று கேட்டு, நடைக்கூடத்தின் கோடியில் இருக்கும் அலமாரி வரை நடத்திக் கூட்டிப்போகிறார். அப்பா பூட்டுகிறார், பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார், சாவியைச் சட்டைப்பையில் போட்டு மேலே தட்டிக்கொள்கிறார். அப்புறம் அவராகவே வந்து உட்கார்கிறார். மொத்தம் பத்து நிமிட வேலை.

இல்லம் தேடுகிறவர்களுக்கு, பட்ட அனுபவத்தில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். "கட்டிப்போடுவீர்களா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. நாற்காலிகளைப் பாருங்கள். முன்னால் தட்டு வைத்துப் பூட்டிய நாற்காலியும், உட்கார்ந்தால் எழ முடியாத அளவு பள்ளமான சோபாவும் கட்டிப்போடுவதுதான். கட்டில் தடுப்புக் கம்பியும் அப்படியே. பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் குழப்பத்தில் இருப்பவர் அதன் மேல் ஏறி இன்னும் உயரத்திலிருந்து விழுவார், இடுக்கில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

"மொத்தம் எத்தனை பணியாளர்கள்?" என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. ராத்திரி 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், அவர்கள் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார்கள், இந்த நோயைப் பற்றி அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பணியாளர்களிடமே எத்தனை நாளாக இங்கே வேலை செய்கிறீர்கள் என்றும் கேளுங்கள். மாதத்துக்கொரு புது முகம் வந்தால், வாய் திறந்து சொல்லத் தெரியாத ஒருவரின் பழக்கம் யாருக்கும் பிடிபடாது.

பதிவேடுகளைக் காட்டச் சொல்லுங்கள், மற்றவர் பெயரை மறைத்துக்கொண்டு காட்டட்டும். தானாகப் புரள முடியாதவரைப் படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதுதான் பொதுவான வழக்கம். அந்தத் தாளில் ராத்திரி 10, 12, 2, 4 என்று எல்லாம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தால், ஒரே மூச்சில் எழுதியதோ என்று சந்தேகப்படுங்கள். எடை பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் உடனே கவனிக்க வேண்டும், அதாவது 60 கிலோ ஆள் ஒரே மாதத்தில் 3 கிலோ இறங்கினால் அது வயோதிகம் என்று விட்டுவிடுகிற விஷயம் இல்லை. விழுங்குவதில் சிரமம் இருக்கலாம், பல் செட் தொலைந்திருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்ட ஆள் இல்லாமலும் இருக்கலாம்.

"ஒருவர் திடீரென்று அதிகமாகக் குழம்பினால், கத்தினால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சிறுநீரில் தொற்று இருக்கிறதா, காய்ச்சலா, மலச்சிக்கலா, எங்காவது வலியா, புதிதாக மருந்து ஏதும் சேர்த்தோமா என்று முதலில் பார்ப்போம் என்று சொன்னால் அந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊசி போடச் சொல்வோம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டடத்திலும் பார்க்க வேண்டியது இருக்கிறது, ஆனால் அது அழகு இல்லை. பளபளக்கும் தரை அவர்கள் கண்ணுக்கு ஈரமாகத் தெரியலாம், கறுப்பு மிதியடி பள்ளம் மாதிரி தெரியலாம். கழிப்பறைக் கதவு எளிதில் கண்ணில் படுகிறதா, நடக்க ஆசைப்படுகிறவர் பூட்டிய கதவில் போய் முட்டாமல் சுற்றி நடந்து திரும்பி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். நெதர்லாந்தில் ஹோகவேக் என்று 2009-இல் மறதி நோய் உள்ளவர்களுக்காக ஒரு சிறு கிராமத்தையே கட்டினார்கள், தெருவும் கடையும் சதுக்கமுமாக, அவர்கள் தாங்களாக நடமாடும்படி. எல்லா இடத்திலும் அப்படிக் கட்ட முடியாது, எனக்குத் தெரியும். ஆனால் நடக்க ஓர் இடம், செய்ய ஒரு வேலை, பூட்ட ஓர் அலமாரி எந்த இல்லத்திலும் கொடுக்க முடியும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள். எந்தச் சூழ்நிலையில் அவரை அழைத்துப் போகச் சொல்வார்கள்? எங்கள் முதல் ஒப்பந்தத்தில் "நடத்தை சரியில்லையென்றால்" என்று இருந்தது. நடத்தை மாறுவதே இந்த நோயின் அடையாளம், அதற்காக வெளியே அனுப்பும் இடம் மறதி நோய்க்கான இல்லமே இல்லை. கடைசிக் காலம் வரை வைத்துக்கொள்வார்களா, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் சேரும்போதே கேட்டுவிடுங்கள், கேட்க மனம் வராதுதான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி இல்லங்களைப் பற்றி எழுத நிருபர்களை அனுப்பும்போது மாலையிலும் ராத்திரியிலும் சொல்லாமல் அனுப்புங்கள். அரசு ஆய்வுக்குப் போகிறவர்களும் அந்த நேரத்தில் போக வேண்டும், பார்த்ததைப் பொதுமக்கள் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும் என்று தொடர்ந்து எழுதுங்கள்.

அப்பா இருந்த முதல் இல்லத்தில் அதே கூடத்தில் தலை தொங்கி உட்கார்ந்திருந்த மற்றவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளோ, அப்படி ஒரு முகத்தை வாராவாரம் பார்த்துவிட்டு வருகிற வேறு யாரோ இதைப் படித்தால், மருந்துப் பட்டியலை நாளைக்கே கேட்டு வாங்குங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள், அதிலும் ஆபத்து இருக்கிறது. பட்டியலை எடுத்துக்கொண்டு நேராக ஒரு டாக்டரிடம் போய், இதில் ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி